கொடுமுடி லைனில் பத்து மணிக்கு

போன மாதம் நான் வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவரை எனக்குத் தெரியாது. நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவர். எங்கள் பழைய சிமுலேஷன் மென்பொருளின் ஒரு பகுதி இன்னும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறதாம். அதில் ஒரு லைனை டிரேஸ் செய்யச் சொன்னால், அந்த லைனின் இரண்டு முனைகளையும் முழுப் பெயரோடு எழுதச் சொல்கிறது, ஓர் எழுத்து விட்டாலும் மறுத்துவிடுகிறது, இந்தக் கண்டிப்புக்கு ஏதேனும் காரணம் உண்டா அல்லது நீக்கிவிடலாமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். காரணம் உண்டு. இரண்டு வரி பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு வரியில் அடங்கவில்லை.

என் வீடு கணபதியில். அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பட்டறையில் இரண்டும் கலந்து இரைச்சலுக்கு மேலே கத்தும் ஒரு மொழி. கணிதம் படித்தேன், பிறகு கம்ப்யூட்டர் படித்தேன், ஒரு பம்ப் கம்பெனியில் இரண்டு ஆண்டு உதிரிபாகப் பட்டியலைத் தட்டச்சு செய்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பீளமேட்டில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்த சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். ஒன்பது பேர், நான்கு கம்ப்யூட்டர். ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தேன். ஆட்கள் கூடினார்கள், கம்ப்யூட்டர்கள் கூடின, டயர் கடை போய்விட்டது, மற்றபடி பெரிய மாற்றமில்லை.

எங்கள் வேலையை வீட்டாருக்கு விளக்குவது சிரமம். ஒரு கம்பெனிக்கு நான்கைந்து ஊரில் கிளைகள் இருக்கும். டெலிபோன் லைன் வழியாக அந்த ஊர்களின் கம்ப்யூட்டர்களை இணைத்திருப்பார்கள், அல்லது இணைக்க நினைப்பார்கள். தகவல் சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகும். துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர். ஒரே நேரத்தில் அதிகம் வந்தால் லைன் திணறும், பாக்கெட் தொலையும், திரும்ப அனுப்ப வேண்டும். இது எங்கே நடக்கும் என்று முன்கூட்டியே பார்க்க, அந்த வலை முழுவதையும் நாங்கள் ஒரு கம்ப்யூட்டருக்குள் பொய்யாகக் கட்டுவோம். பொய் ஊர்கள், பொய் லைன்கள், பொய் பாக்கெட்டுகள். அதற்குத்தான் சிமுலேஷன் என்று பெயர். ஓடவிட்டுப் பார்த்து அறிக்கை கொடுப்போம். அப்பா இதைக் கேட்டுவிட்டு, "இல்லாததுக்கா சம்பளம் தர்றாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதன்பிறகு அவர் என் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை.

ஓடவிட்டால் மட்டும் போதாது, நடந்ததைப் பதிவு செய்ய வேண்டும். அதுதான் டிரேஸ். லைன் ஓரமாக ஒரு ஆளை உட்காரவைத்து, போகிற வருகிற பாக்கெட்டையெல்லாம் நேரம் போட்டு எழுதச் சொல்வது போன்றது. யாரை எங்கே உட்காரவைப்பது என்று ஒவ்வொரு முறையும் புரோகிராமில் இருபது முப்பது வரி எழுத வேண்டியிருந்தது. எல்லோரும் அலுத்துக்கொண்டார்கள். ஆகவே நான் ஒரு உதவி ஃபங்ஷன், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடும் சின்னப் புரோகிராம் துண்டு, எழுதினேன். ஊர் பெயரைச் சொன்னால் போதும். அந்த ஊர் கம்ப்யூட்டரில் வந்து சேரும் லைன் அத்தனையிலும் ஆள் உட்கார்ந்துவிடுவார். 'டிரேஸ் ஆல்' என்று பெயர் வைத்தேன். ஒரு குறிப்பிட்ட லைன் மட்டும் வேண்டும் என்பவர்களுக்காக 'டிரேஸ் லைன்' என்று இன்னொன்றும் எழுதினேன். அதற்குள் தனியாக எதையும் எழுதவில்லை. லைன் பெயரில் முதலில் வரும் ஊரை எடுத்து 'டிரேஸ் ஆல்'-ஐக் கூப்பிட்டேன், அவ்வளவுதான். பிறகு சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அப்போது எங்களிடம் இருந்த வேலைகளில் கிளை ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு லைன்தான்; லைன் பெயரில் கிளை ஊரைத்தான் முதலில் எழுதுவோம். ஒரு லைன் மட்டும் உள்ள ஊரில் 'எல்லா லைனும்' என்பதும் 'அந்த லைன்' என்பதும் ஒன்றே. எவ்வளவு சோதித்தாலும் சரியாகவே வந்தது.

எல்லோருக்கும் டிரேஸ் ஆல் பிடித்துப்போனது. ஹார்ட் டிஸ்க் வாரம் ஒரு முறை நிரம்பியது. பிரிண்டர் ஒரு நாள் பூராவும் கீச்சிட்டுக்கொண்டிருக்கும். வாடிக்கையாளர்கள் தடிமனான அறிக்கையை இரண்டு கையாலும் வாங்கினார்கள். நாங்களும் அதைக் குறையாகப் பார்க்கவில்லை.

இதில் டேனியல் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மேலதிகாரி. டெலிபோன் துறையில் இருபது ஆண்டு இருந்துவிட்டு வந்தவர். யாரிடமும் 'ங்க' போடாமல் பேசமாட்டார். கம்ப்யூட்டர் நின்றுபோனால் அதையும் "என்னாச்சுங்க" என்றுதான் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய சர்ச்சில் அன்றைய பாட்டு எண்களைப் பலகையில் மாட்டுவது அவர் பொறுப்பு. எப்போதோ ஒரு ஞாயிறு ஆறையும் ஒன்பதையும் மாற்றி மாட்டிவிட்டாராம். பாதிப் பேர் ஒரு பாட்டும் மீதிப் பேர் இன்னொரு பாட்டும் பாடினார்கள் என்று, துக்கச் செய்தி சொல்லும் குரலில் சொல்வார். நாங்கள் சிரித்ததில்லை. அவர் சிரிக்கச் சொல்லவில்லை.

அவருக்கு ஒரு நடைமுறை உண்டு. புதிதாக எந்த ஃபங்ஷன் எழுதினாலும், ஓடவிடுவதற்கு முன் ஒரு தாளில் என்ன விடை வர வேண்டும் என்று கையால் கணக்கிட்டு எழுத வேண்டும். எழுதி, நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுக்க வேண்டும். பிறகுதான் ஓடவிடலாம். வந்த விடையை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் தாளில் டிக் போடுவார். பத்திரிகை அலுவலகத்தில் புரூஃப் பார்ப்பது மாதிரி. நான் டிரேஸ் ஆல் எழுதிய மாதம் அவர் சென்னையில் ஒரு வேலையாக இருந்தார். திரும்பி வந்தபோது அலுவலகமே அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. தாள் எங்கே என்று கேட்டார். இது சின்ன உதவி ஃபங்ஷன்தான், கணக்கிடுவதற்கு இதில் ஒன்றும் இல்லை என்றேன். "சரிங்க" என்றார். அவருடைய 'சரிங்க'வுக்குப் பல அர்த்தம் உண்டு. எனக்கு வசதியான அர்த்தத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு எண்ணெய் ஆலைக்காரர்கள் வந்தார்கள். கோவையில் தலைமை அலுவலகம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் ஒரு கிளை வரிசை. ஈரோடு, கொடுமுடி, கோபி என்று இன்னொரு வரிசை. கொப்பரை, எள் எத்தனை மூட்டை வந்தது, ஈரம் எவ்வளவு, அன்றைய விலை என்ன என்ற தகவல்கள் லைனில் போகும். கோவையிலிருந்து ஈரோட்டுக்கு ஒரு லைன். ஈரோட்டிலிருந்து கொடுமுடிக்கு ஒன்று, கோபிக்கு ஒன்று. அதாவது ஈரோட்டுக் கம்ப்யூட்டரில் மூன்று லைன்கள் சேர்ந்தன. நான்கு மாதமாக வலை வேலை செய்கிறது, ஆனால் தகவல் பாதிதான் வந்து சேர்கிறது, எங்கே தொலைகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்றார்கள்.

அந்த வேலையை நான்தான் செய்தேன். எந்தக் கிளை எத்தனை மணிக்கு எவ்வளவு அனுப்புகிறது என்ற பட்டியலை வாங்கி, வலையைக் கட்டி, ஒவ்வொரு லைனாக டிரேஸ் எடுத்தேன். ஈரோடு–கொடுமுடி லைனில் மிக மோசமாகப் பாக்கெட் தொலைவதாக வந்தது. அறிக்கையில் எழுதினேன்: கொடுமுடி லைன் நம்பத்தக்கதல்ல, அங்குள்ள கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு, விவரங்களை டெலிபோனில் சொல்லி ஈரோட்டில் பதிவு செய்வது நல்லது. பின்னிணைப்பில் மணிவாரியாக ஓர் அட்டவணையும் வைத்தேன். அப்போது ஒவ்வொரு வேலைக்கும் தாள் போடுவதில்லை. புது ஃபங்ஷனுக்கு மட்டும்தான். டேனியல் சார் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு இன்லேண்ட் கடிதம் வந்தது. 'அறிக்கை எழுதியவருக்கு' என்று விலாசம். கொடுமுடிக் கிளையில் கம்ப்யூட்டர் பார்க்கும் ரெஜினா என்பவர் எழுதியிருந்தார். உங்கள் அட்டவணையில் என் லைனில் காலை பத்திலிருந்து பதினொன்று வரை அதிகமாகத் தொலைவதாகப் போட்டிருக்கிறீர்கள், அந்த நேரத்தில் நான் எதையும் அனுப்புவதும் இல்லை, எனக்கு எதுவும் வருவதும் இல்லை, தயவுசெய்து திரும்பப் பார்க்கவும் என்று எழுதியிருந்தார்.

நான் திரும்பப் பார்க்கவில்லை. உட்கார்ந்து இரண்டு பக்கம் பதில் எழுதினேன். சிமுலேஷன் என்றால் என்ன, நிஜ வலைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம், சராசரி என்பது எப்படி வருகிறது என்றெல்லாம் விளக்கினேன். 'தங்களைப் போன்றவர்களுக்கு எளிதில் புரியும்படி' என்றுகூட ஒரு இடத்தில் எழுதினேன். அந்தத் தொடரை மறக்க முப்பது ஆண்டு போதவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில் ரெஜினாவே வந்துவிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். கொடுமுடியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு, என் கடிதம், ஒரு பழுப்பு உறை. என் கடிதத்தில் நான்கு இடத்தில் அடிக்கோடு போட்டிருந்தார். 'தங்களைப் போன்றவர்களுக்கு' அதில் ஒன்று. நேராக அட்டவணையை எடுத்து வைத்தார்.

"ஏனுங்க, இந்தப் பத்து மணி எங்கிருந்து வந்துதுங்க? பத்துல இருந்து பதினொண்ணு வரைக்கும் நான் களத்துல நின்னு கொப்பரை ஈரம் பாத்துட்டு இருப்பனுங்க. மிசினு மேல உறையப் போட்டு மூடிப்போட்டுத்தான் போவேன். காலையில ஒம்பது மணிக்கு வெலை வரும், சாயங்காலம் நாலு மணிக்கு நான் அனுப்புவேன். நடுவுல ஒண்ணும் கெடையாதுங்க."

அட்டவணை சராசரிதான் என்று நான் ஆரம்பித்தேன். போகாத லைனில் எதற்குங்க சராசரி என்று கேட்டார். பழுப்பு உறையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மெமோ. ஈரோட்டுக் கிளை மேனேஜர் கொடுத்தது. கோவை நிபுணர்களின் அறிக்கைப்படி கொடுமுடியில் தகவல் இழப்பு ஏற்பட்டு வருகிறது, உங்கள் கவனக்குறைவுக்கு விளக்கம் தரவும் என்று இருந்தது. லைன் தொலைக்கிறது என்று நான் எழுதியதை, அங்கே உட்கார்ந்திருப்பவர் தொலைக்கிறார் என்று மேனேஜர் படித்துவிட்டார். மெமோவின் நகலைக் கொடுமுடி குடோன் பலகையில் ஒட்டியிருந்தார்களாம். மாத முடிவில் கம்ப்யூட்டரை எடுத்துப் போகப்போகிறார்கள். ரெஜினா மூட்டைக்கு எண் போடும் வேலைக்குப் போக வேண்டும். ஃபீஸ் கட்டித் தட்டச்சு கற்று, பிறகு கரூர் போய்க் கம்ப்யூட்டர் கற்று வந்த வேலை அது என்று மட்டும் சொன்னார். குரல் உயரவில்லை.

டேனியல் சார் தன் அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தார். வெளியே வந்து, அம்மணிக்கு டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

மூன்று ஊர் போதும் என்றார். அ, ஆ, இ. அ-வுக்கும் ஆ-வுக்கும் ஒரு லைன், ஆ-வுக்கும் இ-க்கும் ஒரு லைன். அ-விலிருந்து ஆ-வுக்கு ஐந்து பாக்கெட் அனுப்புங்கள், இ-க்கு ஒன்றும் அனுப்பவேண்டாம், ஆ–இ லைனை மட்டும் டிரேஸ் எடுங்கள், என்ன வர வேண்டும் என்று எழுதுங்கள் என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை. அந்த லைனில் எதுவுமே போகவில்லை. 'கோப்பு காலியாக இருக்க வேண்டும்' என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டேன். போடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடவிட்டேன். கோப்பில் ஐந்து வரி இருந்தது.

ரெஜினா எட்டிப் பார்த்தார். வரிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். ஐந்து என்றார்.

"இது யாரு எழுதுனதுங்க?" என்று டேனியல் சார் கேட்டார். அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டார்.

"நான்தானுங்க சார்."

"சரிங்க" என்றார். இந்த முறை வேறு அர்த்தம் தேட இடமில்லை.

நடந்தது இதுதான். ஈரோடு–கொடுமுடி லைனைக் கேட்டபோது என் ஃபங்ஷன் ஈரோட்டின் மூன்று லைன்களையும் எழுதியது. காலை பத்து மணிக்கு ஈரோட்டிலிருந்து கோவைக்கு முந்தின நாள் விவரம் மொத்தமாகப் போகும். திணறியது அந்த லைன். அங்கே தொலைந்த பாக்கெட்டெல்லாம் கொடுமுடிப் பெயரில் விழுந்தன. மூன்றிலும் மிகக் குறைவாக அனுப்புவது கொடுமுடி; அதோடு வகுத்ததால் விகிதம் அங்கேதான் மிக மோசமாகத் தெரிந்தது. மெமோ எழுதிய மேனேஜரின் மேசையிலிருந்துதான் அவை தொலைந்துகொண்டிருந்தன. அவருக்கும் அது தெரியாது.

ரெஜினாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லீங்க என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவர் சொல்லவில்லை. மாத முடிவுக்குப் பதினெட்டு நாள் இருக்கிறது என்றார்.

திருத்துவதற்கு நான்கு நாள் ஆனது. முதல் நாள் நான் செய்தது அவசர வேலை. எல்லா லைனையும் எழுதவிட்டு, கடைசியில் வேண்டாதவற்றை வடிகட்டி எறியும்படி செய்தேன். சின்ன வலையில் ஓடவிட்டால் கோப்பு காலியாகவே வந்தது. டேனியல் சார் ஏற்கவில்லை. எல்லாவற்றையும் எழுதிப்போட்டு அப்புறம் அழிப்பது எதற்கு, கேட்டதை மட்டும் எழுதினால் அழிக்க வேண்டியதே இல்லையே என்றார். வடிகட்டியில் ஓட்டை விழுந்தால் திரும்பவும் இதே கதைதான். பழையதை முழுவதுமாக எடுத்துப்போட்டேன். ஆளை ஊரில் உட்காரவைப்பதை விட்டுவிட்டு, லைனிலேயே உட்காரவைக்கும்படி எழுதினேன். லைனுக்கு இரண்டு முனைப் பெயரும் கட்டாயம். பெயர் தெளிவில்லை என்றால் எதையும் ஊகிக்காமல் நின்றுவிட வேண்டும். கோப்பின் பெயரிலேயே இரண்டு ஊரும் இருக்க வேண்டும். 'டிரேஸ் ஆல்'-ஐ எடுத்துவிடவில்லை; சில வேலைக்கு அது தேவைதான். ஆனால் மிக நீளமான ஒரு பெயர் வைத்தோம். அதைத் தட்டி முடிப்பதற்குள் யாருக்கும் இது நிஜமாகவே வேண்டுமா என்ற யோசனை வந்துவிடும்.

நான்காம் நாள் சின்ன வலையை ஓடவிட்டபோது ஆ–இ லைன் கோப்பு காலியாக வந்தது. அ–ஆ லைனில் ஐந்து. இரண்டு லைனிலும் அனுப்பிப் பார்த்தோம், மூன்று ஊரை ஐந்து ஊராக்கிப் பார்த்தோம், ஒவ்வொன்றுக்கும் முதலில் தாள். நான் வாசிக்க, அவர் டிக் போட்டார். கடைசியில் அந்தக் காலிக் கோப்பைப் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். வெறும் வெள்ளைத் தாள் வந்தது. அதன் மூலையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு ஃபைலில் கோத்தார்.

பிறகு எண்ணெய் ஆலை முதலாளியைப் பார்க்கப் போனோம். ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால் அவருடைய அலுவலகம். பெயர் ரங்கசாமி. ஆனைமலையில் பெரிய தென்னந்தோப்பு உள்ளவர். டேனியல் சார் போகிற வழியில் என்னிடம், நீங்கள் எழுதியது, நீங்கள் சொல்லுங்கள், கையெழுத்துப் போட்டது நான், அதை நான் சொல்கிறேன் என்றார். அப்படியே சொன்னோம். கொடுமுடி லைன் சரியாக இருக்கிறது, கூட்டம் ஈரோடு–கோவை லைனில், காலை பத்து மணி அனுப்பலை மூன்று நேரமாகப் பிரித்தால் போதும், கொடுமுடியை மூட வேண்டாம்.

ரங்கசாமி கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏனுங்க, போன மாசம் மூடச் சொன்னீங்க. இந்த மாசம் மூட வேண்டாங்கறீங்க. அடுத்த மாசம் என்ன சொல்வீங்க?"

"அடுத்த மாசம் சொல்றத இப்பவே எழுதிக் குடுத்துப்போடறோமுங்க" என்றார் டேனியல் சார்.

ஏற்பாடு இதுதான். அடுத்த திங்கள் முதல் சனி வரை, எந்த லைனில் ஒரு நாளைக்கு எத்தனை முறை திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும் என்று நாங்கள் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, முதலாளியிடம் கொடுத்துவிடுவோம். கொடுமுடியில் ரெஜினாவும் ஈரோட்டில் மேனேஜரும் திரையில் வருவதை எண்ணிக் குறிக்கட்டும். வாரம் முடிந்து வரும் திங்கட்கிழமை உறையைப் பிரித்துப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் முன்பு சொன்னபடி மூடிக்கொள்ளலாம். ரங்கசாமி உறையை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

அந்த ஒரு வாரம் நாங்கள் சும்மா இருக்கவில்லை. எண்ணெய் ஆலையுடையது போக, பழைய ஃபங்ஷனை வைத்து அதுவரை பதினொரு அறிக்கை கொடுத்திருந்தோம். பதினொன்றையும் எடுத்துத் திரும்ப ஓட்டினோம். ஒன்பது சரியாக இருந்தன. இரண்டில் தவறு. தவறு என்ன, சரி என்ன என்று எழுதி, அவரும் நானும் கையெழுத்துப் போட்டு இரண்டு கடிதம் அனுப்பினோம். ஒருவர் நேரில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார், அது நியாயம். இன்னொருவர் நன்றி தெரிவித்து எழுதியிருந்தார். தங்கள் அறிக்கையை நாங்கள் இன்னும் படிக்கவில்லை, இனிமேல் திருத்திய பிரதியையே படிக்கிறோம் என்று.

அந்த வாரம் முழுவதும் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. எண்கள் ஒத்துவராவிட்டால் என் பெயர் போகும், அது பரவாயில்லை. கொடுமுடிக் கம்ப்யூட்டர் என் பெயரோடு சேர்ந்து போகும். வேலைக்குச் சேர்ந்து அத்தனை ஆண்டில், என் பொய் ஊர்களில் ஒன்றில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

திங்கட்கிழமை ரங்கசாமியின் அறையில் ஐந்து பேர் இருந்தோம். ஈரோட்டு மேனேஜர் ஒரு தட்டச்சுத் தாளோடு வந்திருந்தார். ரெஜினா நோட்டோடு வந்திருந்தார். ரங்கசாமி டிராயரைத் திறந்து உறையைப் பிரித்தார். ஈரோடு–கோவை, காலை பத்து முதல் பதினொன்று வரை, முப்பதுக்கு மேல் என்று நாங்கள் எழுதியிருந்தோம். மேனேஜர் தன் தாளைத் தானே வாசிக்க வேண்டியிருந்தது. முப்பத்துநான்கு, நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு என்று ஆறு நாளும் அப்படியே. வாசிக்க வாசிக்கக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

கொடுமுடிக்கு நாங்கள் எழுதியது: நாளொன்றுக்கு மூன்றுக்குள். ரெஜினா வாசித்தார். திங்கள் ஒன்று. செவ்வாய் இல்லை. புதன் இரண்டு. வியாழன் இல்லை. வெள்ளி பத்தொன்பது. சனி ஒன்று.

ரெஜினா அந்தப் பத்தொன்பதை விட்டுவிட்டு வாசித்திருக்கலாம். நோட்டு அவர் கையில்தான் இருந்தது. மற்ற எண்களைப் போலவே அதையும் வாசித்தார்.

"வெள்ளிக்கெழமை பத்தொம்பதுங்களா?" என்றார் ரங்கசாமி.

"ஆமாங்க. ரெண்டு மணிக்கு தென்னை மட்டை உளுந்து லைன் ஒயரு தொங்கிப்போச்சுங்க. அஞ்சு மணிக்கு வந்து கட்டிக் குடுத்தாங்க. பத்தொம்பதும் அந்த நேரத்துக்குள்ளதான். வந்த லைன்மேன் பேரு எழுதி வெச்சிருக்கனுங்க."

நோட்டை மேசையில் திருப்பி வைத்தார். ரங்கசாமி கண்ணாடி போட்டு அந்தப் பக்கத்தை மெதுவாகப் படித்தார். பிறகு டேனியல் சாரைப் பார்த்தார்.

"உங்க கம்ப்யூட்டருக்குள்ள தென்னை மரம் வெக்கலீங்களா?"

"இல்லீங்க."

"நம்ம பக்கம் லைன் போட்டுட்டு தென்னை மரம் வெக்காம எப்படீங்க?"

டேனியல் சார் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, பென்சிலால் அதை எழுதிக்கொண்டார். அவர் கிண்டல் செய்யவில்லை. அடுத்த மாதமே லைன் அறுந்து கிடக்கும் நேரத்தையும் சேர்த்து ஓட்டும்படி புரோகிராமை மாற்றச் சொன்னார்.

கொடுமுடிக் கம்ப்யூட்டர் அங்கேயே இருக்கட்டும் என்று ரங்கசாமி சொல்லிவிட்டார். ஈரோட்டு அனுப்பல் மூன்று நேரமாகப் பிரிக்கப்பட்டது. எல்லோரும் எழுந்திருக்கும்போது ரெஜினா மட்டும் உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒன்று இருக்கிறது என்று பழுப்பு உறையை எடுத்தார். ரங்கசாமி மெமோவைப் படித்துவிட்டு மேனேஜரிடம் நீட்டினார். இதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுங்கள் என்றார். மேனேஜர் அங்கேயே உட்கார்ந்து எழுதினார்.

"இதோட நகல மெமோ ஒட்டுன அதே பலகையில ஒட்டோணுங்க" என்றார் ரெஜினா. "அங்க மூட்டை தூக்கறவங்க எல்லாரும் அதப் படிச்சிருக்காங்க."

ஒட்டுவதாக மேனேஜர் ஒப்புக்கொண்டார். ரெஜினா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ரெஜினாவை பஸ் ஏற்றிவிட நான் காந்திபுரம் வரை கூடப் போனேன். ஈரோட்டு பஸ் வந்து நின்றது. கூட்டம் ஏறி முடிக்கட்டும் என்று காத்திருந்தோம்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றார். "நான் கடுதாசி போடலீன்னா, உங்களுக்கா இது தெரிஞ்சிருக்குமுங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு வாரமாக எண்களை எண்ணி எண்ணி எனக்கு அதற்குத் தெம்பில்லை.

"தெரிஞ்சிருக்காதுங்க" என்றேன்.

தலையை ஆட்டினார். யோசிக்கிறார் என்று தெரிந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகு வெளியே குனிந்து, இனிமேல் அறிக்கையை முதலாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன்னால், லைனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பிப் பாருங்கள் என்றார். பஸ் கிளம்பிவிட்டது.

டேனியல் சாரிடம் வந்து சொன்னேன். அதையும் நடைமுறையில் சேர்த்துக்கொண்டார். அடுத்த அறிக்கை வேறொரு கம்பெனிக்கு, ஆறு கிளைகள். கையெழுத்துப் போடும் முன், ஆறு ஊரிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் ஆறு பேருக்கும் ஆறு பிரதி தபாலில் போனது. பத்து நாளில் எல்லாம் திரும்பி வந்தன. மொத்தம் மூன்று இடத்தில் தவறு என்று குறித்திருந்தார்கள். எடுத்து வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். அதில் இரண்டு எங்கள் தவறுகள்தான்.